அரை கிலோ பொறுமை

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பிய எவரும், சட்டம் விலக்கிவைக்காத ஆளாக இருந்தால், உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்துக்கொண்டு நடமாடலாம். டல்லாஸ் பக்கம் இருக்கும் நண்பர் பாலுவுக்கு அப்போது க்ரீன் கார்டு வந்திருக்கவில்லை. வந்ததும் முதலில் ஊருக்குப் போன் போட்டார். அடுத்து, துப்பாக்கி வாங்க என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்.

நானோ எச்-1பி. தற்காலிக விசாக்காரன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்தியச் சட்டம். வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள லாயக்கில்லாதவன், மான் சுட மட்டும் லாயக்கானவன். ஆகவே கடையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு யோசனை மட்டும் சொன்னேன். பொறுப்பே இல்லாமல் யோசனை சொல்லும் பதவி யாருக்குக் கசக்கும்?

கடைக்காரர் முதலில் க்ளாக் 19-ஐ எடுத்து வைத்தார். திரைச்சீலைக் கம்பி செய்து விற்றுக்கொண்டிருந்த காஸ்டன் க்ளாக் உருவாக்கி, 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் தேர்ந்தெடுத்த க்ளாக் 17-இன் தம்பி இது. 15 தோட்டா கொள்ளும். கைக்குப் பாந்தமாகத்தான் இருந்தது. ஆனால் பாலுவின் தொப்பைக்கும் பெல்ட்டுக்கும் ஏற்கெனவே எல்லைத் தகராறு. நடுவில் மூன்றாவது ஆள் நுழைந்ததும் சட்டை புடைத்துக்கொண்டது.

"பார்த்தா தெரியுதா?"

"துப்பாக்கின்னு தெரியலை. ஏதோ கட்டின்னு தெரியுது. பாக்கிறவங்க டாக்டர் நம்பர் குடுப்பாங்க."

அடுத்து வந்தது ருகர் எல்சிபி. 300 கிராம்கூட இல்லை. பேன்ட் பையில் போட்டால் போட்டதே தெரியவில்லை. பாலு முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. கடைக்குப் பின்னாலேயே இருந்த ரேஞ்சில் சுட்டுப் பார்த்ததும் அது வாடியது. துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதை கூடும். பிடித்துக்கொள்ள இரண்டு விரலுக்குத்தான் இடம். எதிரே தொங்கிய காகித மனிதனுக்கு ஒரு காதோரம் மட்டும் லேசான சேதம். மற்றபடி அவன் சௌக்கியம்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமமே இதுதான். மறைக்கச் சுலபமானது சுடக் கஷ்டம்; சுடச் சுலபமானது மறைக்கக் கஷ்டம். ஐந்து தோட்டா ரிவால்வர் ஒன்றையும் பார்த்தோம். சிக்காது, அடம்பிடிக்காது, ஆனால் விசையை இழுத்து முடிப்பதற்குள் திருடனே போரடித்துக் கிளம்பிவிடுவான். கடைசியில் சிக் பி365-க்கு வந்து நின்றார் பாலு. 2018-இல் சந்தைக்கு வந்தது. சுமார் அரை கிலோ. அந்தச் சின்ன உடம்பிலேயே 10 தோட்டா. 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையும் முடிந்து, துப்பாக்கி கைக்கு வந்தது.

செலவு அதன்பிறகுதான் ஆரம்பம். விசையை முழுசாக மூடும் கெட்டியான உறை, பாரம் தாங்கும் தடித்த பெல்ட், இவை இரண்டும் உள்ளே அடங்க ஒரு சைஸ் பெரிய பேன்ட்டுகள். வயிற்றோரம் உறையை மாட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்தால், குழாய் எந்தத் திசையைப் பார்க்கிறது என்ற நினைப்பு வந்துவிடும். பாலு இப்போது லேஸ் வைத்த ஷூ போடுவதில்லை.

எடுத்துக்கொண்டு எங்கே போவது என்பது அடுத்த கவலை. பிள்ளையின் பள்ளிக்குள் கூடாது. வருமானத்தில் 51 சதவீதமாவது மதுவிலிருந்து வரும் பாரில் கூடாது. 30.05, 30.06, 30.07 என்று சட்டப் பிரிவுகளைப் பலகையில் எழுதிக் கடைக்காரர்களும் தடுக்கலாம். உரிமமில்லாதவருக்கு ஒன்று, உரிமத்தோடு மறைத்து வைப்பவருக்கு ஒன்று, உரிமத்தோடு வெளியே தெரிய வைப்பவருக்கு ஒன்று. பாலு இப்போது கடை வாசலில் தள்ளுபடி விளம்பரத்தைப் படிப்பதில்லை, தண்டனைச் சட்டம் படிக்கிறார்.

உரிமம் கட்டாயமில்லை என்றாலும் அதற்கான வகுப்புக்குப் போய்வந்தார். கைகலப்பில்லாமல் தகராறைத் தீர்ப்பது அங்கே சட்டப்படியே ஒரு பாடம். இடுப்பில் ஆயுதம் இருப்பவன் வாய்ச்சண்டைக்கே போகக் கூடாது. சின்னச் சண்டை முற்றினால், முடிகிற இடம் நீதிமன்றமோ சுடுகாடோதான். பாலுவுக்கு அது நன்றாகவே உறைத்திருக்கிறது. சிக்னலில் ஒரு விநாடி தாமதித்தாலே ஏழு தலைமுறையை இழுக்கிற மனுஷன், இப்போது குறுக்கே புகுந்தவனுக்கும் கைகாட்டி வழிவிடுகிறார். பார்க்கிங்கில் தன் இடத்தைப் பிடித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்கிறார்.

"பதினைஞ்சு வருஷமா நான் சொல்லி வராத பொறுமை, அரை கிலோவில வந்துடுச்சு. இன்னும் ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாமான்னு பாக்கிறேன்" என்கிறார் அவர் மனைவி.

போன வாரம் கோவிலுக்குப் புறப்பட்டபோது பாலு கார்ச் சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீ ஓட்டுப்பா. நீயாவது ஹாரன் அடிக்கலாம்."