காதைக் கழுவிட்டு வா, பேராண்டி

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. மூஞ்சி ஏன் மழையில நனைஞ்ச கோழி மாதிரி இருக்கு? தவணையில கீபோர்டு வாங்குன. காதுல மாட்டுறதுக்கு ரெண்டு கிண்ணி வாங்குன. ரூமுச் சுவரு பூராவும் முட்டை அட்டையா ஒட்டுன. "கோழிப்பண்ணை வைக்கப் போறானா?"ன்னு ஒங்க ஆத்தாவே எங்கிட்ட ரகசியமாக் கேட்டா. இப்ப என்னடான்னா, பாட்டு வர மாட்டேங்குது, இன்ஸ்பிரேசன் வரலைங்கிற. நான் அது ஏதோ ஸ்டேசன் சமாச்சாரம்னு நெனச்சு, நாகமலைப் புதுக்கோட்டைக்குப் போயி ஒரு புகாரு எழுதிக் குடுத்துருவோமான்னு கேட்டுட்டேன். அதுக்குப் போயி ஒனக்கு இம்புட்டுக் கோவம்.

சரி, விடு. எனக்குப் படிப்பு ஏறல, ஆனா காது இன்னும் கெட்டுப் போகல. அதை வச்சு ரெண்டு வார்த்தை சொல்றேன்.

நம்ம சமணர்மலையில செட்டிப்புடவு இருக்குல்ல, அங்க ஒக்காந்திருக்காரே மகாவீரரு, அவரை ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி செதுக்குனதுங்கிறாக. எங்க காலத்துல செட்டியாருன்னுதான் சொல்லுவோம். அவரு காதைப் பாத்திருக்கியா? வாய் இத்துனூண்டு. காது தோளைத் தொடுது. செதுக்குனவன் வெவரமானவன்டா. ஒன்னைச் செதுக்கச் சொல்லிருந்தா என்ன ஆகியிருக்கும்? வாய்க்கே மலை பத்தாமப் போயி, பாதியில உளியைப் போட்டுட்டு ஓடிருப்பான்.

மதுரை மேல அனுமந்தராயன் தெருவுல ஒரு புள்ள, 1916ல பொறந்தது. ஆத்தா வீணை, அம்மாச்சி பிடில். வீட்டுல எந்நேரமும் நரம்பு பேசிக்கிட்டேதான் இருக்கும். ஒரு நாளு தெருவுல மண்ணைக் கொழச்சு வெளையாடிக்கிட்டிருந்துச்சாம். யாரோ வந்து தூக்கி, கையைத் தட்டிவிட்டு, பாவாடை மண்ணைத் தட்டிவிட்டு, நேரா சேதுபதி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிட்டாக. அங்க ஆத்தா வீணை வாசிச்சுக்கிட்டிருக்கு. பாடுன்னாக, பாடிருச்சு. பாடி முடிச்சதும் திரும்பவும் மண்ணு வெளையாட்டுக்கே போயிருச்சாம். இன்ஸ்பிரேசன் வரட்டும்னு அந்தப் புள்ள ஒரு நிமிசம் காத்துக்கிட்டு நின்னிருக்குமா? ஆத்தா வீணை காதுக்குள்ள ஏற்கனவே குடியிருந்துச்சு, வாயைத் தொறந்ததும் வெளிய வந்துருச்சு. கிராமபோன் மேல அம்புட்டு ஆசையாம். காகிதத்தைக் கொழாயாச் சுருட்டி வச்சுக்கிட்டு மணிக்கணக்காப் பாடுமாம். பத்து வயசுல அதே தட்டுல அதுவே பாடிருச்சு.

யாருன்னு புரிஞ்சிருச்சா? எம்.எஸ். அந்த ரெண்டு எழுத்து என்னன்னு தெரியுமா? எம்முன்னா மதுரை, எஸ்ஸுன்னா ஆத்தா சண்முகவடிவு. யாரைக் கேட்டுப் பாட வந்தேன்னு இனிசியல்லயே எழுதி வச்சிருந்துச்சுடா அது. நீ பேருக்கு முன்னாடி டி.ஜே.ன்னு போட்டிருக்கியே, அதுல ஒங்கப்பன் பேரும் இல்ல, நம்ம ஊரு பேரும் இல்ல.

அடுத்தவனைப் பாத்துச் செஞ்சா காப்பி அடிச்ச மாதிரி ஆயிரும்னு பயப்படுறியாக்கும். அதுக்கும் நம்ம மதுரையிலயே ஆளு இருக்கு. முனிச்சாலைப் பக்கம் போனா 2023ல தொறந்த செலை ஒன்னு நிக்கும், பாரு. டி.எம்.சௌந்தரராசன். சௌராஷ்டிரா வீட்டுப் புள்ள. 1950ல வந்த கிருஷ்ண விஜயம் படத்துல அவரு பாடுனதைக் கண்ணை மூடிக்கிட்டுக் கேளு, தியாகராஜ பாகவதரே பாடுற மாதிரி இருக்கும். இழுப்பு, குழைவு எல்லாம் பாகவதருதான். அவரு அதுக்கு வெக்கப்படல. அந்தக் காலத்துல அந்தக் குரலுக்கு மயங்காதவன் யாரு? எங்கப்பனே பாகவதர் கிராப்பு வச்சுக்கிட்டு அலைஞ்சான். குரலு வரல, பேனுதான் வந்துச்சு.

சரி, அந்தப் பாகவதரு மட்டும் வானத்துல இருந்தா குதிச்சாரு? அவருக்கு முன்னாடி செங்கோட்டை கிட்டப்பா. மைக்கு இல்லாத காலத்துல மேடையில நின்னு மேல்ஸ்தாயியில எடுத்தா, கடைசி வரிசையில தூங்குறவன் எந்திரிச்சு உக்காருவானாம். 1933ல போய்ச் சேரையில 27 வயசு. சினிமாவுல தலை காட்டல. தட்டுல பதிஞ்ச குரலு மட்டுந்தான் மிச்சம், அதைக் கேட்டே ஒரு தலைமொறை கழுத்தை நீட்டிப் பாடுச்சு. அந்தக் கிட்டப்பாவுக்கு முன்னாடி சங்கரதாஸ் சுவாமிகளோட நாடக மேடை. 1918ல நம்ம மதுரையிலதான் பயலுகளைச் சேத்து சபா ஆரம்பிச்சாரு மனுசன்.

ஆனா டி.எம்.எஸ். பாகவதர் கிட்டயே குந்திக்கிட்டு இருந்துறல. அங்கதான் சூட்சுமம். 1954ல தூக்குத் தூக்கி. சிவாஜி எப்படிப் பேசுறாரு, எங்க நிறுத்துறாரு, எந்த எழுத்தை அமுக்குறாருன்னு கவனிச்சு, பாட்டை அவரு வாயில இருந்து வர்ற மாதிரிப் பாடுனாரு. எம்.ஜி.ஆருக்குன்னா அதே தொண்டை வேற தினுசுல பேசும். ஊரே அதுல ஏமாந்துச்சு. நடிகனைக் கேட்டுக் கேட்டுப் பாட்டுக்காரன் தன் குரலைக் கண்டுபிடிச்சான். நம்ம ஊருக்குப் பேரே குயில்குடி. குயிலு காக்கா கூட்டுலதான் பொரிக்கும், காக்கா ஊட்டுன இரையைத்தான் திங்கும், கூவையில மட்டும் குயிலாத்தான் கூவும். நீ கூடும் வேணாங்கிற, இரையும் வேணாங்கிற, எடுத்த எடுப்புல கூவணுங்கிற.

வெள்ளைக்காரனைக் கேக்காதன்னும் நான் சொல்லல. பண்ணைப்புரத்து ராசா, அண்ணன் பாவலர் வரதராசனோட கட்சி மேடை கட்சி மேடையா ஆர்மோனியம் தூக்கிக்கிட்டு அலைஞ்ச ஆளு. 1986ல ஒரு வாத்தியத் தட்டு போட்டுத் தியாகராஜருக்கும் ஜெர்மன்காரரு பாக்குக்கும் சேத்துக் காணிக்கைன்னாரு. ரெண்டு பேரையும் ஒரே திண்ணையில உக்கார வச்சாரு. நீ ஜெர்மன்காரனை மட்டும் கூப்பிட்டுட்டு, வீட்டுக்கு வந்த பம்பைக்காரரை வாசல்லயே நிறுத்திப்புட்டியே.

பம்பைன்னதும் ஒன்னு ஞாபகம் வருது. கரகாட்டத்துக்கு வர்ற நையாண்டி மேளத்துல தவிலுக்காரரு கண்ணு எங்க இருக்கும்னு என்னிக்காவது பாத்தியா? நீ எங்க பாத்தன்னு எனக்குத் தெரியும், அதைச் சொல்ல வேணாம். அவரு கண்ணு ஆடுற பொண்ணோட குதிகாலுல இருக்கும். அது சலங்கையை ஒரு தட்டு கூடத் தட்டிச்சுன்னா, கை தன்னால அந்தத் தட்டைத் தவிலுல வாங்கும். அவ நின்னா மேளம் நிக்கும். நாயனக்காரரு மூச்சை அடக்கிக்கிட்டு, அடுத்த கால் எங்க விழுகும்னு பாத்துக்கிட்டே இருப்பாரு. பாட்டு காலுல இருந்து பொறக்குதுடா அங்க. 1968ல தில்லானா மோகனாம்பாள் வந்துச்சே, அந்தக் கதையே ஆட்டத்துக்கும் நாயனத்துக்கும் நடக்குற போட்டிதான். சிவாஜி கன்னத்தை உப்பிக் காட்டுனாரு, உள்ள போன காத்து நம்ம மதுரைக்காரங்க சேதுராமன், பொன்னுசாமியோடது.

ஒன் கீபோர்டுல கரகக்காரி காலு இருக்கா? அமுக்குனா இருவது வகைத் தவிலு வருதுங்கிற. ஒன்னாவது எதுத்தாப்புல யாரு ஆடுறான்னு பாக்குமா?

அதனால ஒன்னு சொல்றேன், கேளு. வர்ற சனிக்கிழமை அய்யனார் கோயிலு ஆலமரத்துப் பக்கம் வள்ளி திருமணம். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சா விடியத்தான் முடியும். பபூன் வருவாரு, சிரி. நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் வரும், அப்பச் சிரிக்காத. ஆர்மோனியக்காரரு பக்கத்துல போயி உக்காரு. ராஜபார்ட்டு வாயைத் தொறக்குறதுக்கு முன்னாடியே இவரு விரலு எந்தக் கட்டையில போயி நிக்குதுன்னு பாரு. காதுக் கிண்ணியை வீட்டுல வச்சுட்டு வா. செல்லுல படம் புடிச்சுக்கிட்டு நின்னா நானே புடுங்கித் தாமரைக் கொளத்துல எறிஞ்சிருவேன்.

வரையில பாயி ஒன்னு, நாலு பருத்திப்பால் காசு, கொஞ்சம் வெத்தலைபாக்கு. பாயைப் பெருசாக் கொண்டா, நானும் உக்காரணும். நாடக வரி இன்னும் நம்ம வீட்டுல கட்டல. நீதான சம்பாதிக்கிற, அதையும் கையோட கட்டிரு.