ஐந்து குரல், ஆளுக்கொரு பாதை

டி.வி. போட்டியிலிருந்து கிளம்பிய 'எஸ்-5' பாப் குழு இப்போது எங்கே சார்?
– ஒரு வாசகர், வாசுதேவநல்லூர்

உங்கள் செல்போனிலேயே இருக்கிறது! 'ஓமணப் பெண்ணே' பாட்டைப் போடுங்கள். அந்தக் குரல் பென்னி தயாளுடையது. எஸ்-5 ஐவரில் ஒருவர். எஸ்.எஸ். மியூசிக் சேனல் நடத்திய குரல் வேட்டையில் தேறிய அணி அது. பையன்களும் பெண்களும் கலந்த குழு. 'இசை' என்ற பெயரிலேயே ஆல்பம் போட்டார்கள். 2007-ல் 'சிவாஜி' படத்தின் 'பல்லேலக்கா'வில் எஸ்.பி.பி.யோடு பென்னியும் பாடிவிட்டார். குழு கலைந்தது, கலை கலையவில்லை.

இப்படிப்பட்ட குழுக்கள் ஏன் நீடிப்பதில்லை?
– அதே வாசகர்

நாதஸ்வர செட் மட்டும் எப்படி நீடிக்கிறது? அவர்கள் சேர்ந்து சாதகம் செய்தவர்கள். இங்கே நேற்றுவரை போட்டியாளர்கள், இன்று கூட்டாளிகள்! 'ஒன் டைரக்‌ஷன்' பையன்களும் 2010-ல் 'எக்ஸ் ஃபேக்டர்' நிகழ்ச்சிக்குத் தனித்தனியாக வந்தவர்கள்தான். நடுவர்கள் சேர்த்துவைத்தார்கள். மூன்றாம் இடம், உலகப் புகழ். 2015-ல் ஒருவர் விலகினார், 2016-ல் மற்றவர்களும் ஓய்வுக்குப் போனார்கள்.

தமிழில் இன்னொரு சிக்கல்: நல்ல குரல் எங்கே கேட்டாலும் சினிமா கூப்பிட்டுக்கொள்கிறது. பாடகருக்கு அது வாழ்வு, குழுவுக்கு இழப்பு. எனக்கு அதில் வருத்தம்தான்.

எங்கள் ஊர்ப் பையன்கள் நாலு பேர் குழு ஆரம்பிக்கலாமா?
– இன்னொரு வாசகர், வாசுதேவநல்லூர்

தாராளமாக! முதல் மேடை டி.வி.யில் வேண்டாம், பக்கத்துக் கோயில் கொடையில் இருக்கட்டும். ராத்திரி ரெண்டு மணிக்கும் கூட்டம் எழுந்து போகாமல் இருந்தால் எனக்கும் ஒரு அழைப்பிதழ் அனுப்புங்கள்.