எஞ்சினை மாற்றினால் மைலேஜ் எகிறுமா?

கேள்வி: என் பழைய மாருதி 800 எடை குறைந்த வண்டிதானே? அதில் பைக் எஞ்சினைப் பொருத்தினால் மைலேஜ் கூடுமா?

பதில்: கூடுவது மைலேஜ் அல்ல, தள்ளுகிற ஆட்கள்தான்! பைக் கியர்பாக்ஸில் ரிவர்ஸே கிடையாது. வீட்டு வாசலில் குடும்பமே இறங்கித் தள்ள வேண்டும். தவிர, 650 கிலோ வண்டியில் நாலு பேரை ஏற்றினால் மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தே ஓட்டணும். அப்போது கார்புரேட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றும். சின்ன எஞ்சின் என்றால் சின்னத் தீனி என்பது ஓய்வாக ஓடும்போதுதான் உண்மை.

கணக்கையும் பாருங்கள். மாதம் 500 கி.மீ. ஓடி, லிட்டருக்கு 16 கி.மீ. என்பது 20 ஆனாலும், மிச்சம் ஆறே கால் லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 625 ரூபாய். வேலைக்கு ஒரு லட்சம் செலவழித்தால் அதை எடுக்கப் பதின்மூன்று வருஷத்துக்கு மேலாகும்!

மாற்றியே தீருவேன் என்றால், 2000-க்குப் பிறகு 800-லேயே வந்த எம்பிஎஃப்ஐ எஞ்சினைத் தேடுங்கள்; அதில் கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்தான் பெட்ரோலைப் பீய்ச்சும். வயரிங், இசியு என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் கூடவே வரணும். ஆர்டிஓ அனுமதியை முதலில் வாங்குங்கள்; ஆர்சி புத்தகத்தில் எஞ்சின் எண் மாறாவிட்டால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். அதற்கும் முன்னால், இன்றைக்கே டயரில் காற்றைச் சரிபாருங்கள், ஏர் ஃபில்டரை மாற்றுங்கள்.