20 பாரா, 9 பாரா?

கேள்வி: வீட்டுக்கு எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வாங்க ஆசை. 15 பார் வாங்கலாமா, 20 பாரா? (ராமேஸ்வரம் வாசகர்)

பதில்: 9 பார் அழுத்தம் போதும். 1940-களில் மிலானில் அகில்லே காஜியா நெம்புகோல் மெஷினைக் கொண்டுவந்தபோது கிடைத்த அழுத்தம் ஏறக்குறைய அதுதான். காபியின் மேல் பொன்னிற நுரை படிந்ததும் அதில்தான். பெட்டியில் அச்சிட்ட 20, பம்ப்பின் உச்ச வலு மட்டுமே.

ராமேஸ்வரத்துக்காரர் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. உப்பும் சுண்ணாம்பும் ஏறிய போர் தண்ணீரை ஊற்றினால் பாய்லருக்குள் படிவு கட்டி, துவாரம் அடைத்து, காபி இறங்க அடம்பிடிக்கும். காவிரிக் குடிநீர் வந்தால் அதை வடிகட்டி ஊற்றலாம்.

அடுத்தது காற்று. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பையே அரித்த கடல் காற்று, மெல்லிய குரோம் பூச்சை விட்டுவைக்குமா? மெஷினின் உடம்பு எவர்சில்வராக இருக்கட்டும்.

பட்ஜெட் இடித்தால் மெஷினில் குறைத்து, சீராக அரைக்கும் நல்ல பர் கிரைண்டரில் போட வேண்டும். மிக்ஸியில் அடித்த தூள் பாதி மாவு, பாதி ரவை. தண்ணீர் ரவைப் பக்கமாகவே ஓடிவிடும். கையால் சுற்றும் கிரைண்டரும் நல்லதே. கரன்ட் போனாலும் அரைக்கலாம்.

சிக்கரி கலந்த தூள் மெஷினில் பிசுபிசுத்து அடைக்கும். அதற்குப் பித்தளை ஃபில்டர் இருக்கவே இருக்கிறது.