பேப்பர் போட்டவர்

பூவிருந்தவல்லியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் ஆவடியின் சுற்றுப்புறங்களிலும் நெல் விளைந்த பூமியில் பொறியியற் கல்லூரிகள் விளையத் தொடங்கிய காலந்தொட்டு, காலை வேளையில் அம்பத்தூர் ஓ.டி.யில் கல்லூரிப் பேருந்துக்காகக் காத்து நிற்கும் ஜனத்திரளில் ஒரு விசேஷ வர்க்கத்தாரைக் காணலாம். கழுத்தில் அடையாள அட்டையும், கையில் டிபன் பையும், சென்ற வாரம் ஸ்கோபஸ் பட்டியலிலுள்ள ஜர்னலில் பேப்பர் வெளிவந்துவிட்டதால் முகத்தில் ஏறிய தேஜஸும் இவருடைய லட்சணங்கள்.

பேப்பர் பிரசுரமான தினத்தன்று அதன் முதற்பக்கம் துறையின் வாட்ஸாப் குழுவுக்கும், பள்ளித் தோழர்களுக்கும், பொறியியலுக்கும் தமக்கும் யாதொரு சம்பந்தமுமில்லாத சம்பந்தி வீட்டாருக்கும் தவறாமல் போய்ச் சேரும். இத்தகைய உதாரகுணம் படைத்தவரிடம், அதே பேப்பரின் பிரதியொன்றை எவரும் இலவசமாகப் படிக்கும்படி கல்லூரியின் மின்களஞ்சியமான ரெபாசிட்டரியில் சேர்க்கலாமே என்று நூலக அம்மையார் கேட்டுவிட்டாலோ, பூர்விக சொத்தை எழுதி வாங்க வந்த தாயாதியைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்ப்பார்.

“காப்பிரைட்டை ஜர்னலுக்கு எழுதிக் கொடுத்தாச்சு, மேடம். நாளைக்குக் கேஸ் போட்டா கோர்ட்டுக்கு யார் அலையறது?”

பதிப்பாளர்களில் பெரும்பாலோர் தாம் பக்கம் கட்டி வெளியிட்ட வடிவத்தைத்தான் தடை செய்கிறார்கள் என்பதையும், மதிப்பீட்டாளர்களின் ஆட்சேபங்களுக்கு இணங்கத் திருத்தி ஆசிரியர் கடைசியாக அனுப்பிய கைப்பிரதியை 12 மாதமோ 24 மாதமோ பொறுத்து நிறுவனக் களஞ்சியத்தில் வைப்பதற்குப் பல ஜர்னல்கள் சம்மதிக்கின்றன என்பதையும், எது எதற்குச் சம்மதிக்கிறதென்று ஜர்னல்களின் விதிமுறைகளைத் தொகுத்துத் தரும் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும் என்பதையும் அம்மையார் நிதானமாக எடுத்துரைப்பார். சட்டத்துக்கு இவ்வளவு அஞ்சுகிற இந்த உத்தமரோ, தடை செய்யப்பட்ட அந்த அச்சு வடிவத்தையே, யாரும் கேளாமல், ஆராய்ச்சியாளர்கள் கூடும் ரிசர்ச்கேட் வலைத்தளத்தில் என்றைக்கோ ஏற்றிவிட்டிருப்பார்! அங்கே ஏற்றினால், இத்தனை பேர் உங்களை வாசித்தார்கள் என்று வாழ்த்து வருகிறது. கல்லூரி நூலகத்திலிருந்து வருவதோ இன்னும் இரண்டு படிவங்கள்.

கைப்பிரதி விஷயமும் சுலபமானதன்று. அந்த வேர்ட் ஃபைல் இவரிடம் ஆராய்ச்சி செய்த ஸ்காலரிடம் இருந்தது. ஸ்காலர் இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். தான் எழுதிய பேப்பரில் தன் பெயர் மூன்றாவதாக வந்ததிலிருந்து அவன் போனை எடுப்பதில்லை.

இதே சென்னையில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து, 1924-ல் சர்வகலாசாலையின் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931-ல் நூலாக வெளியிட்டார். புத்தகம் இருப்பது உபயோகத்துக்கே என்பது அவற்றில் முதலாவது. பேப்பர் இருப்பது எண்ணிக்கைக்கே என்று கொண்ட ஒரு பிற்காலச் சம்பிரதாயத்தை அந்த மகான் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. பிரசுரமான ஆராய்ச்சி யாவருக்கும் கட்டணமின்றிக் கிட்டவேண்டும் என்ற பிரகடனம் புடாபெஸ்டில் பிறந்தது 2002-ல். அதே ஆண்டில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம் தன் களஞ்சியத்தைத் திறந்துவிட்டது. நம்மவருக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. இத்தனைக்கும், முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்கவேண்டுமென்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் விதித்தபடியால், இவருடைய ஆய்வேடு காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட்டின் ஆய்வேட்டுக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஆனந்தமாக வீற்றிருக்கிறது. பட்டம் கைக்கு வரவேண்டியிருந்த அந்தத் தருணத்தில் காப்பிரைட் ஒன்றும் இவருக்கு ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. கட்டாயப்படுத்தாமல் நடக்கிற தர்மத்தை நான் அதிகம் கண்டதில்லை. நிர்வாகம் என்னை விரோதி என்று எண்ணினாலும் சரி, ரெபாசிட்டரி விஷயத்திலும் என் கட்சி அதுதான்.

அந்தக் கட்டாயம், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவின் ரூபத்தில் வந்தது. பரிசோதனைக்குப் பத்து நாள் முன்பு பிரின்ஸிபாலின் சுற்றறிக்கை கிளம்பிற்று; ஒரே இரவில் நம்மவரிடமிருந்து, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஒரிஜினல் ஃபைனல்’ என்ற நாமதேயங்களோடு, அதுகாறும் எங்கும் அகப்படாதிருந்த கைப்பிரதிகள் பலவும் வந்து குவிந்தன. எது எதனுடைய இறுதி வடிவம் என்று பிரித்தறிந்து, தலைப்பு, ஆசிரியர், ஜர்னல், ஆண்டு எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றியதில் அம்மையாருக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன.

குழு வந்தது, போயிற்று. மறுவாரம் நூலகத்துக்குப் போன்.

“மேடம், அந்த வெல்டிங் பேப்பருக்கு மூணு டவுன்லோடு காட்டுதே! ஒண்ணு நான் காலேஜ்ல பண்ணினது. ஒண்ணு வீட்ல பண்ணினது. மூணாவது யாரு?”

லிங்க் சரியாகத் திறக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தாமே ஒருமுறை இறக்கியதை அம்மையார் மறந்துவிடவில்லை.

“வெளிநாடு மாதிரி தெரியுது, சார்” என்று சொல்லிவிட்டு, மீதியிருக்கும் நான்கு கைப்பிரதிகளைச் சாயங்காலத்துக்குள் அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொண்டார்.