கஷாயமா, சைக்கிளா?

கேள்வி: எனக்கு பி.சி.ஓ.எஸ். என்கிறார் டாக்டர். ஹார்மோனை இயற்கையாகவே சரிசெய்ய ஒரு நல்ல கஷாயம் சொல்லுங்களேன்? - வாசகி, ஆலங்குடி

பதில்: அப்படி ஒரு கஷாயம் கிடையாது அம்மா. சைக்கிள் இருக்கிறது, அதுவும் உங்கள் மாவட்டத்துச் சரக்கு! 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் தர, கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று பல்லாயிரம் பெண்கள் தாவணியும் சேலையுமாக மிதித்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது விடுதலை. உங்களுக்கு அதே பெடலில் மருந்தும் இருக்கிறது.

எப்படி? பி.சி.ஓ.எஸ். என்ற இந்தச் சினைப்பைச் சிக்கலில் பலருக்கு உடல் இன்சுலினின் பேச்சைக் கேட்பதில்லை. அதனால் இன்சுலின் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது, சினைப்பையை ஆண் ஹார்மோன் சுரக்கத் தூண்டுகிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது. உழைக்கும் தசையோ இன்சுலினுக்காகக் காத்திராமல் ரத்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். எடை கூடியவர்கள் 5 சதவீதம் குறைத்தாலே பலருக்கு விலக்கு சீராகிறது.

தட்டில் சோற்றைக் குறைத்து, பயறு, கீரை, முட்டையைக் கூட்டுங்கள். உளுந்தங்களி அருமைதான், ஆனால் கருப்பட்டியும் சர்க்கரையே. இரவு போனை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். தைராய்டையும் ஒருமுறை பரிசோதியுங்கள். அதன் சுரப்பு குறைந்தால் மாத்திரைதான், எந்தக் கீரையும் ஈடாகாது. மூன்று மாதமாக விலக்கு வரவில்லையா? முதல் மிதி அரசு மருத்துவமனை வரைக்கும்!