தண்டேல் பதவி

அன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு,

"தேக்காக் கடைகளைத் தவிரச் சிங்கப்பூரில் வேறொன்றும் நீ பார்ப்பதில்லையா?" என்று தாங்கள் கேட்டிருந்தபடியால், ஞாயிறன்று கேம்பல் லேனில் 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் போய்வந்தேன். அங்குள்ள செட்டிநாட்டு நிலைவாசலில் 5,000 நுண்ணிய செதுக்கல்கள் உண்டு. தாங்களாயிருந்தால், தச்சனுடைய உளி எங்கே வழுக்கிற்று என்று கண்டுபிடிக்காமல் நகர்ந்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் என் மனத்தில் தைத்தது அக்காலத்துக் கைதிகளின் விருத்தாந்தமே. 1825 முதல் கப்பலேற்றிக் கொணரப்பட்ட நம் தேசத்துக் கைதிகள், சாலை போட்டு, சதுப்பைத் தூர்த்து, சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் தேங்காய்மட்டை ஊறிய நீரும் கலந்து புனித ஆண்ட்ரூ பேராலயத்துக்குப் பூச்சுப் பூசியதோடு, பிராஸ் பாஸாவில் தம்மை அடைப்பதற்கான சிறையையும் தாமே கட்டினார்களாம்! காவலுக்கு வேறு ஆள் வைத்துச் சம்பளம் அழுவானேன் என்று, நன்னடத்தையுள்ள கைதியையே தண்டேலாக்கி மற்றவர்களைக் காக்கச் செய்தது துரைத்தனம். நேற்று விலங்கு பூண்டவன் இன்று தலை எண்ணுவான். கணக்கு நேராக வேண்டுமாயின் தன் தலையையும் சேர்த்து எண்ணவேண்டும். அவனே ஓடிப்போனாலோ, துரத்திப் பிடிக்கவேண்டிய உத்தியோகஸ்தனும் அவனே. பிடிபட்டபின் தன்னைக் குறித்துத் தானே புகார் எழுதிக் கையொப்பமிட வேண்டியதுதான்!

நான் வாய்விட்டுச் சிரித்தேன். உடன்வந்த மன்னார்குடி நண்பர், "நீரும் போன மாதம் சூப்பர்வைசர் ஆனீரே?" என்றார். விடியுமுன் லாரியருகே நின்று ஆள் எண்ணுகிறவனும், பிந்தி வந்தவன் பெயரைக் குறிக்கிறவனும், இரவில் டார்மிட்டரியில் அவன் வைத்த ரசத்தையே ஊற்றிக்கொள்கிறவனும் நான்தான். பதவி வந்தது முதல் எனக்கு ரசத்தில் தெளிவுதான் வருகிறது, மண்டி வருவதில்லை.

1873-இல் எஞ்சிய கைதிகளை அந்தமானுக்கு அனுப்பினார்கள். விடுதலையானவர்களில் பலர் இங்கேயே குடும்பம் நடத்தி நிலைத்தார்கள். எனக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. பெர்மிட் முடிந்தால் மூட்டை கட்டவேண்டியதே.

அம்மாவிடம் சிறைக் கதை எதையும் சொல்லவேண்டாம். 'சூப்பர்வைசர்' என்பதை மட்டும், பெண் வீட்டார் காதில் விழும்படி, சற்று உரக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மகன்